அந்த வார்டு அக்காவுக்கு

அக்கா, உங்கள் பெயரைக் கேட்டு வைக்காதது எங்கள் பிழைதான். போன மாதம் அம்மா நுவரெலியா ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தார். கொழும்பில் லீவு கிடைத்து, ரயிலேறி நானுஓயாவில் நான் இறங்க மூன்று நாளாகிவிட்டது. அந்த மூன்று நாளும் பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்த நீங்கள்தான் அம்மாவுக்கும் பிளாஸ்கில் பிளேன்டீ கொண்டுவந்தீர்களாம். கொழுந்து பறித்து வெடித்த விரல்களில், ஒவ்வொன்றாக, தேங்காய் எண்ணெய் தடவினீர்களாம்.

உங்கள் பைபிள் பையை விட்டு வெளியே வரவே இல்லையாம். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள் என்று தெரிந்ததும், "அப்ப திருநீறு எங்கம்மா?" என்று தேடியெடுத்து நெற்றியில் பூசிவிட்டீர்களாம். (உங்கள் சபையில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்களே?) நோயாளியைப் பார்க்கப் போவது தன்னையே பார்க்க வந்ததாகும் என்று இயேசு சொன்னதாக மத்தேயு 25-இல் இருக்கிறதாம், எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒருவர் சொன்னார்.

உங்கள் பிளாஸ்க் மூடி எங்களிடம்தான் இருக்கிறது. அம்மா கழுவித் துடைத்து சாமி தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். எடுத்துக்கொள்ள வாங்க அக்கா.