சர்ரியலிசம் டாலியோடு தொடங்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்,

கனவையும் ஆழ்மனதையும் கலையாக்கிய சர்ரியலிச இயக்கம் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆசையோடு பிரித்தேன், ஆனால் ஓவியர் சால்வடார் டாலியின் மீசையிலும் அவர் வரைந்த உருகும் கடிகாரங்களிலுமே பக்கம் தீர்ந்துபோனது வருத்தமாக இருந்தது. டாலி அந்தக் குழுவில் சேர்ந்ததே 1929-ல்தான்.

முதல் உலகப் போரின் நடுவே, 1916-ல், ஆந்த்ரே பிரெத்தோன் என்ற இளம் மருத்துவ மாணவர் பிரான்சில் ஒரு ராணுவ மனநல மையத்தில் வேலை பார்த்தார். போர்முனையிலிருந்து மனம் சிதறி வந்த சிப்பாய்களின் கனவுகளையும் கோர்வையற்ற பேச்சையும் உட்கார்ந்து கேட்டார், அதில் அவருக்கு நோயோடு சேர்த்துக் கவிதையும் தெரிந்தது. 1919-ல் நண்பர் பிலிப் சூப்போவுடன், மனதில் வருவதைத் திருத்தாமல் படுவேகமாக எழுதிப் பார்த்தார்கள். அப்புறம்தான் 1924-ல் பாரிஸில் பிரெத்தோனின் சர்ரியலிச அறிக்கை வந்தது. சர்ரியலிசம் என்ற பெயர்கூட 1917-ல் கவிஞர் அப்போலினேர் உருவாக்கிய சொல்.

1925-ல் அந்தக் குழுவின் ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் ஒரு கடலோர விடுதியில் தேய்ந்துபோன மரத்தரைமேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார், மர ரேகைகளிலிருந்து காடுகளும் பறவைகளும் எழுந்து வந்தன. இதை எந்தக் குழந்தையும் வீட்டில் செய்து பார்க்கலாமே!

இந்த இயக்கம் பிற நாடுகளுக்குப் பரவிய கதையும் டாலியோடு நிற்பதில்லை. நவீன ஓவியங்களை 'சீரழிந்த கலை' என்று நாஜிகள் ஒடுக்கியபோது, 1938-ல் கெய்ரோவில் எகிப்தியக் கலைஞர்கள் 'சீரழிந்த கலை வாழ்க' என்று அறிக்கை வெளியிட்டார்கள். கரீபியன் கடலில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மார்த்தினீக் தீவில் எழுத்தாளர்கள் சுசான் சேசேரும் ஏமே சேசேரும் காலனியாட்சிக்கு எதிரான எழுத்துக்கு இதைக் கையிலெடுத்தார்கள். போருக்குத் தப்பி மெக்சிகோ போன லியோனோரா காரிங்டன், ரெமதியோஸ் வாரோ இருவரும் அங்கேதான் தங்கள் சிறந்த ஓவியங்களைத் தீட்டினார்கள்.

அடுத்த இணைப்பில் வாரோவின் ஓவியம் ஒன்றையாவது வண்ணத்தில் போடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகர்