செய்தி வாசித்தால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் திருக்குறளுக்கு அப்புறம் ஒரு மாணவர் செய்தி வாசிப்பது நம் பள்ளிகளில் பழைய வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் நான்கு தலைப்புகளோடு சரி. கேட்டதைப் பற்றிப் பிள்ளைகள் ஒரு வார்த்தை பேச அன்று முழுக்க நேரம் கிடைப்பதில்லை.

2023 டிசம்பரில் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் வந்த வெள்ளத்துக்குப் பின் பள்ளி திறந்தபோது, ஒன்பதாம் வகுப்பில் பாடத்தை ஒதுக்கிவைத்துப் பிள்ளைகளைப் பேசவிட்டேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை என்று படித்திருந்த ஒரு மாணவி, மீட்டர் அளவுகோலைத் தரையில் நிறுத்தித் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். அப்புறம் விவாதம் சூடுபிடித்தது. குளங்கள் உடைந்ததுதான் காரணம் என்றான் ஒருவன். இல்லை, அணையைத் திறந்ததுதான் என்றான் இன்னொருவன். "எங்கே படித்தாய்?" என்றேன். "வாட்ஸ்அப்பில் வந்தது டீச்சர்." மறுநாள் இருவரும் ஆளுக்கொரு நாளிதழோடு வந்து, வரி வரியாக ஒப்பிட்டார்கள். எந்தத் தேர்வுக்கும் அவர்கள் அப்படிப் படித்து நான் பார்த்ததில்லை.

வகுப்பில் அரசியல் நுழைந்துவிடுமோ என்று தலைமையாசிரியர்கள் தயங்குவது புரிகிறது. ஆனாலும் 18 வயதில் வாக்களிக்கப் போகிறவர்கள், மாற்றுக் கருத்தைக் கோபப்படாமல் கேட்க வேறெங்கே பழகுவார்கள்?

வாரம் ஒரு பாடவேளையை, மதிப்பெண் எதுவும் இல்லாமல், நடப்புச் செய்திகளுக்கென ஒதுக்கப் பள்ளிக் கல்வித் துறை முன்வர வேண்டும். ஒவ்வொரு பள்ளி நூலகத்துக்கும் குறைந்தது இரண்டு நாளிதழ்களாவது தினமும் வர ஏற்பாடு செய்ய வேண்டும்.

- பள்ளி ஆசிரியை,
தூத்துக்குடி மாவட்டம்