மதினிக்கு, சுண்ணாம்புக் காட்சி பற்றி

மதினி,

அண்ணனின் முதல் வருஷத் திவசத்தன்று பந்தியில் வைத்து நீங்கள் சொன்னதற்கு நான் அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன். கோபித்துக்கொண்டு போகிறான் என்று பெரியத்தை நினைத்திருப்பார்கள். கோபமும் இருந்தது. ஆனால் அதற்காக எழுந்திருக்கவில்லை.

"நகையை அவன் எடுக்கல. நான்தான் கழட்டிக் கொடுத்தேன்." பாயசம் ஊற்றிக்கொண்டே இவ்வளவுதான் சொன்னீர்கள். அதை நீங்கள் சொல்ல வேண்டும் என்று நான் எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன்! சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஏனென்றால் நீங்கள் பாதியைச் சொல்லிவிட்டீர்கள், மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. அது உங்களுக்கே தெரியாது.

உங்கள் போனுக்கு அனுப்பாமல் இங்கே எழுதுகிறேன். நீங்கள் நாலு பேர் முன்னால் சொன்னீர்கள், நானும் நாலு பேர் முன்னால்தான் சொல்ல வேண்டும். நம் தெருவில் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள். பெரியவனும் படிப்பான். அதனால் சில இடங்களில் பட்டும் படாமலும்தான் எழுதுவேன். உங்களுக்குப் புரியும்.

அடுப்படியில் நீங்கள் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்த அன்றைக்கு, நான் எடுக்க நினைத்த பேய்ப் படத்துக்காக என்னவெல்லாம் சொன்னேன் என்று இப்போதும் வரிசையாக நினைவிருக்கிறது. 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்ற அமெரிக்கத் திகில் படம் 1968ல் வந்தது, பத்துப் பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டு ஆரம்பித்தார்கள் என்றேன். 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யை டைரக்டர் தன் சொந்த வீட்டுக்குள்ளேயே ஏழு நாளில், 15,000 டாலரில் எடுத்து முடித்தார் என்றேன். 'ஈவில் டெட்' எடுத்த பையன்கள் முதலில் ஒரு குட்டிப் படம் எடுத்து, அதைக் காசு உள்ளவர்களிடம் போட்டுக் காட்டிக் காட்டித்தான் பணம் திரட்டினார்கள், பல் டாக்டர்கள்கூடப் போட்டார்கள் என்றேன். நமக்குப் பிரானூர் மரக்கடைக்காரர்கள் இருக்கிறார்கள், ஆளுக்கு 60,000 என்று பத்துப் பேர் கிடைத்தால் 6 லட்சம், ஒரு பேய்ப் படம் முடிந்தது என்றேன்.

எல்லாம் உண்மைதான். எனக்கு வசதியான பாதி.

மறுபாதியும் எனக்கு அன்றைக்கே தெரியும். அந்த 1968 படத்தை வெளியிட்டவர்கள் தலைப்பை மாற்றியபோது, உரிமை யாருக்கு என்று சொல்லும் வரி பிரிண்டில் விட்டுப்போனது. அந்த ஒரு வரி இல்லாததால் யார் வேண்டுமானாலும் படத்தைப் போட்டுக் காசு பார்த்தார்கள். 15,000 டாலர் படம் 2007ல் விழாவில் ஓடியது, ஒரு பெரிய கம்பெனி கைகொடுத்த பிறகு 2009ல்தான் ஊர் முழுக்கத் தியேட்டருக்கு வந்தது. படம் பிடிப்பது சின்னச் செலவு. டப்பிங், சத்தம், சென்சார், தியேட்டர் என்று அதற்குப் பிறகு வருவதுதான் ஆளை விழுங்கும். பேய்ப் படத்துக்கு 'ஏ' கிடைத்துவிட்டால் வெட்டாமல் டிவியில் போட முடியாது, அந்தப் பணமும் போச்சு. இதில் ஒன்றையும் நான் உங்களிடம் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. சொன்னால் நீங்கள் யோசிப்பீர்கள் என்று பயந்தேன்.

நீங்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். "பேய் யாரு?" திருநெல்வேலியில் ஒரு பொண்ணைப் பேசியிருக்கிறோம் என்றேன். "ஆரியங்காவுப் பேய்க்கு ஆளு திருநெல்வேலியில இருந்தா வரணும்?" என்றீர்கள். மறுநாள் காலையில் ஆறு பவுன் என் கையில் இருந்தது.

கதை உங்களுக்கு மனப்பாடம். மற்றவர்களுக்காக இரண்டு வரி. செங்கோட்டை, திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த 1956 நவம்பர் 1க்கு முன்பே செத்துப்போனவள் அவள். கோடு மாறியது அவளுக்குத் தெரியாது. ரயிலுக்குக் காத்திருப்பாள், வருகிறவனிடம் மலையாளத்தில் சுண்ணாம்பு கேட்பாள். 2010 செப்டம்பரில் புனலூர் மீட்டர் கேஜை நிறுத்திய பிறகு, மலைக்குள் பாதை ரயில் இல்லாமல் கிடந்தது. அதைப் பார்த்த அன்றுதான் எனக்கு இந்தக் கதையே வந்தது. இனி ஒரு பைசா செட்டுக்குச் செலவழிக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

2014 ஜூலை. ஒன்பதாவது ராத்திரி.

புளியரை தாண்டி மேலே ஏறியதுமே சாரல் பிடித்துக்கொண்டது. ஓடு சரிந்த அந்தப் பழைய வீட்டுத் திண்ணையில்தான் காட்சி. ஜெனரேட்டர் போட்டால் சத்தம் கெடும் என்று லாரி பேட்டரியில் இரண்டே இரண்டு எல்இடி. கேமராவுக்கு நான் குடை பிடித்தேன், ரெக்கார்டருக்குக் குடை பிடிக்க ஆள் இல்லை, அதைப் பாலிதீன் பையில் சுற்றித் தூணில் கட்டினோம். உங்கள் அம்மாவும் வந்து காருக்குள் உட்கார்ந்திருந்தார்கள், விடியும்வரை இருந்தார்கள். இதைப் படிக்கிற சிலருக்காக இந்த வரி.

ரத்தம் நீங்களே காய்ச்சியது. சீனிப்பாகில் கேசரி பவுடர், கருப்பு ஏற ஒரு சிட்டிகை காபித்தூள். அதைக் கெண்டைக்காலில் தடவியதும் சாரல் கழுவிவிடும், திரும்பத் தடவுவோம், எறும்பு வரும், அதைத் தட்டிவிடுவோம். ஆறு டேக் போச்சு. ஆறிலும் நீங்கள் பயமுறுத்தப் பார்த்தீர்கள். கண்ணை விரித்தீர்கள், குரலை இழுத்தீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

ஏழாவது டேக்கில் நீங்கள் திண்ணையில் உட்கார்ந்தீர்கள். கண்ணை விரிக்கவில்லை. நடந்து களைத்துப்போன ஒரு பொம்பளை, வழியில் போகிறவரிடம் கேட்கிற மாதிரி, கொஞ்சம் கூச்சத்தோடு, "சுண்ணாம்பு உண்டோ?" என்றீர்கள். எனக்கு முதுகு சில்லிட்டது. அப்போதுதான் மானிட்டரில் பார்த்தேன், உங்கள் கணுக்கால் எலும்புக்கு மேலே, நாங்கள் எதுவும் தடவாத இடத்தில், ஒரு சிவப்புக் கோடு தண்ணீராக இறங்கிக்கொண்டிருந்தது. அட்டை. விரல் தண்டி அட்டை. சுண்ணாம்பு வைத்தால் விட்டுவிடும். நீங்கள் அதைப் பார்த்துவிட்டீர்கள், காலை அசைக்கவில்லை, கட் கேட்கவில்லை. உங்களுக்கு நிஜமாகவே சுண்ணாம்பு வேண்டியிருந்தது, அதைத்தான் கேட்டீர்கள். கேமராவில் அந்த நிஜ ரத்தம் சாயத் தண்ணீர் மாதிரி வெளுப்பாகத் தெரிந்தது. பக்கத்தில் நீங்கள் காய்ச்சிய பாகுதான் ரத்தமாக இருந்தது.

நான் கட் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் பேச ஆரம்பித்தீர்கள். எழுதிக்கொடுத்த வசனம் அதோடு முடிந்திருந்தது. ஆரியங்காவிலிருந்து செங்கோட்டைக்கு மீட்டர் கேஜில் பள்ளிக்கூடம் வந்ததைச் சொன்னீர்கள். குகைக்குள் ரயில் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லோரும் கத்துவதையும், அந்தச் சத்தத்தில் யார் அழுதாலும் தெரியாது என்பதையும் சொன்னீர்கள். பிறகு, அவளாகவா நீங்களாகவா என்று தெரியவில்லை, காத்திருப்பதைப் பற்றிச் சொன்னீர்கள். அண்ணன் அப்போது சவுதியில், தம்மாமில் இருந்தார். அதற்கு மேல் நீங்கள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.

"அந்தக் கடைசித் துண்டை வெட்டிராதீங்க" என்று எத்தனை தடவை கேட்டீர்கள். சரி என்று தலையாட்டினேன். மதினி, அது படமாகவே ஆகவில்லை. வாடகைக்கு எடுத்த அந்த மார்க் டூ கேமரா ஒரு மூச்சில் 12 நிமிஷம்தான் ஓடும், பிறகு தானாக நின்றுவிடும். குகை என்ற வார்த்தை வரும்போது சிவப்புப் புள்ளி அணைந்ததை நான் பார்த்தேன். சொன்னால் நீங்கள் நிறுத்திவிடுவீர்கள். நான் நிறுத்த விரும்பவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இனி பணத்தைச் சொல்கிறேன். இதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அப்போது பவுன் 22,000 ரூபாய்க்குப் பக்கம். உங்கள் ஆறு பவுனுக்கு அடகுக் கடையில் 90,000 கிடைத்தது. அதில் 40,000 மட்டும்தான் படத்துக்குப் போனது. மீதி 50,000ஐ டப்பிங்குக்கு என்று தனியாக வைத்திருந்தேன். பத்துப் பேரை எதிர்பார்த்த இடத்தில் நாலு பேர்தான் சேர்ந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நாலு பேருக்கும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். பதினோராவது ராத்திரியோடு கை வறண்டதும், அதில் இரண்டு பேர் தாளை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். ஆளுக்கு 25,000 எண்ணிக் கொடுத்தேன். உங்கள் பணத்தை.

உங்களுக்கு நான் ஒரு துண்டுத்தாள்கூட எழுதித் தரவில்லை. வீட்டு ஆளிடம் என்ன பத்திரம் என்று நினைத்தேன். ஒரு வரி விட்டுப்போனதால் ஒரு படமே கையைவிட்டுப் போன கதையைத் தெரிந்து வைத்திருந்தவன் நான். தாள் இருந்தவர்களுக்குப் பணம் திரும்பியது. தாள் இல்லாத உங்கள் நகை ஏலம் போனது.

எனக்கு வேறு வழி இருந்ததா என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். அவர்கள் கடை வாசலில் நின்று சத்தம் போட்டார்கள், அம்மா வீட்டில் படுக்கையில் இருந்தார்கள். உங்களிடம் வந்து சொல்லியிருக்கலாம். அது ஒன்றுதான் வழி, அதை மட்டும் நான் செய்யவில்லை. மன்னித்துவிடுங்கள்.

ஆனால் மதினி, ஏல நோட்டீஸ் வந்த அன்றைக்கு அண்ணன் லீவில் இருந்தார். பட்டாசலில் எல்லோரையும் நிற்கவைத்து, "எப்படிடா உன் கைக்கு வந்துச்சு?" என்று கேட்டபோது நீங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அடி விழுந்தபோதும் பார்த்துக்கொண்டுதான் நின்றீர்கள். பாப்பாவின் காதுகுத்துக்கு எனக்குச் சொல்லவில்லை. எதிர்த்த டீக்கடையில் நின்று மேளச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போனேன். நகை திருடினவன் கல்யாண வீட்டுக்கு வீடியோ எடுக்க வந்தால் மணமேடைப் பக்கம் விடுவார்களா? இரண்டு வருஷம் பார்டருக்கு அந்தப் பக்கம், புனலூர்க் கல்யாணங்களில்தான் எனக்குச் சோறு. ஒரே ஒரு வார்த்தை, மதினி. அண்ணன் கேட்க முடியாத இடத்துக்குப் போன பிறகுதான் அது உங்களுக்கு வந்தது.

எழுதிவிட்டு அழிக்கப் பார்த்தேன். இருக்கட்டும். அது அவர் வெயிலில் நின்று சம்பாதித்த தங்கம். நீங்கள் அந்த வீட்டில்தான் இருந்தாக வேண்டும். இதுவும் எனக்குத் தெரியும்.

இன்னொன்று. போவதற்கு முந்தைய ஆடியில் அண்ணன் என் ஸ்டுடியோவுக்கு ஒரு தடவை வந்தார். ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிவரச் சொன்னேன், குடித்தார். எழுந்திருக்கும்போது, "அந்தப் படத்துல அவ நல்லா நடிச்சாளா?" என்று கேட்டார். "நல்லா நடிச்சாங்கண்ணே" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கேட்டதை உங்களிடம் சேர்க்கிறேன்.

படத்தை இனி முடிக்கப்போவதில்லை. 2018ல் அகல ரயில்பாதை வந்துவிட்டது. பதிமூணு கண் பாலத்தில் வண்டி ஓடுகிறது, நாம் எடுத்த இடத்துக்கு இனி அந்த இருட்டு வராது. விட்ட இடத்திலிருந்து ஒட்டினால் ஒட்டாது. இத்தனை வருஷம் மனசு கேட்காமல் ஹார்டு டிஸ்க்கைத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். இப்போது இருப்பதை 31 நிமிஷமாக வெட்டிவிட்டேன். உங்கள் சம்மதம் இல்லாமல் யாருக்கும் காட்ட மாட்டேன். ஆறு பவுனுக்காக இந்த மாசத்திலிருந்து நகைச் சீட்டு கட்டுகிறேன். இந்தத் தடவை தாளில் எழுதியிருக்கிறேன், அது கவரில் இருக்கிறது.

கவரில் ஒரு பென் டிரைவும் இருக்கிறது, பெரியவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். முதல் ஃபைல் படம். அட்டையோடு நீங்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பது வரைக்கும் வரும், பிறகு நின்றுவிடும். இரண்டாவதில் படம் இருக்காது. கேமரா நின்ற பிறகும் தூணில் கட்டிய ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. 4 நிமிஷம், உங்கள் குரலும் சில்வண்டும் மழையும் மட்டும். அதை நான் ஒருவன்தான் கேட்டிருக்கிறேன். என்னிடம் இருந்த காப்பியை அழித்துவிட்டேன்.

பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். கடைசியில் கீழே ரோட்டில் போகிற ஒரு தக்காளி லாரியின் ஹாரன் திடீரென்று வரும், பயந்துவிடாதீர்கள். அது அடங்கியதும் "யாராச்சும் சுண்ணாம்பு கொண்டாங்கப்பா" என்று ஒரு குரல் கேட்கும். அது நான்தான்.