அந்தக் காகிதத்தை அவனிடம் காட்டினீர்களா?

பல்கலைக்கழக ஒழுங்கு நடவடிக்கைக் குழுவினருக்கு, வணக்கம்.

தேவகோட்டையில் இருந்து எழுதுகிறேன். போன வாரம் என் தங்கை வீட்டுக்கு உங்கள் பதிவுத் தபால் வந்தது. மூன்றாம் ஆண்டு படிக்கிற அவள் மகன் தேர்வில் முறைகேடு செய்தது நிரூபணமானதால் நீக்கப்படுகிறான் என்று மூன்றே வரி. யார் நிரூபித்தது, எதை வைத்து, ஒன்றும் இல்லை. தங்கை வளவில் தூணோரம் உட்கார்ந்து அதையே வாசித்துக்கொண்டிருந்தாள், மூன்று வரியை எத்தனை தடவைதான் வாசிப்பது.

பையனைக் கேட்டேன். அவன் மேசைக்கடியில் ஒரு பிட் கிடந்ததாம், கண்காணிப்பாளர் அதை எடுத்துக்கொண்டு, ஒரு படிவத்தை நீட்டி, போடாவிட்டால் அடுத்த பரீட்சை எழுத முடியாது என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். விசாரணை என்று நடந்தது அவ்வளவுதான். அவன் யோக்கியன் என்று நான் சத்தியம் செய்யப் போவதில்லை, இருபது வயதுப் பையன், செய்தாலும் செய்திருப்பான். ஆனால் பிட்டில் இருப்பது அவன் எழுத்தா இல்லையா என்று விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாமே.

எங்கள் ஐயா பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது முதலாளிக்கு உதவியாளாக, இருந்தவர். கணக்கு இடித்தால் முதலாளி பேரேட்டை முன்னால் விரித்து, "இந்தப் பற்று எப்படி வந்தது, சொல்லு" என்பாராம். பதில் சரியில்லை என்றால் ஊருக்குக் கப்பலேற்றிவிடுவார், அது வேறு. பேரேட்டைக் காட்டாமல் யாரையும் ஏற்றியதில்லை.

1962-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. உத்தரப்பிரதேசத்தில் தேர்ச்சி அறிவித்த பிறகு மூன்று மாணவர்களின் முடிவை, முறைகேடு என்று, அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் தேர்வு வாரியம் ரத்து செய்தது. அது செல்லாது என்பது தீர்ப்பு. நீங்கள் 1970-ன் பீகார் வழக்கைக் காட்டலாம், அதில் ஒரு மையமே கூண்டோடு காப்பியடித்திருந்தது, அதனால் ஒவ்வொருவராகக் கேட்க வேண்டியதில்லை என்றார்கள். இங்கே இருப்பது ஒரே பையன். 1973-ல் ராஞ்சி மருத்துவக் கல்லூரி வழக்கில் மாணவர்கள் மீது புகார் சொன்ன மாணவிகளை அவர்கள் எதிரே நிறுத்தத் தேவையில்லை என்று நீதிமன்றமே விட்டது, அங்கேயும் மாணவர்களைக் கூப்பிட்டுக் குற்றச்சாட்டைச் சொல்லி விளக்கம் கேட்ட பிறகுதான் நீக்கினார்கள்.

ஆகவே உத்தரவை நிறுத்தி வையுங்கள். குற்றச்சாட்டு, பிட்டின் நகல், கண்காணிப்பாளர் அறிக்கை மூன்றையும் கொடுத்து, பதில் எழுத ஒரு வாரமாவது விடுங்கள். பிடித்தவரே தீர்ப்புச் சொல்பவராகவும் உட்கார வேண்டாம். அப்புறம், பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2023 விதிகளில் மாணவர் குறைதீர்ப்புக் குழுவும் அதற்கு மேல் குறைதீர்ப்பாளரும் உண்டு, உங்கள் கடிதத்தில் மேல்முறையீடு என்ற சொல்லே காணோம்.

கூப்பிட்டால் அடுத்த பஸ்ஸில் வருவான். நானும் வருகிறேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
பையனின் அம்மான்