பெல்ட்டுக்கும் மெஷினுக்கும் எண் ஒட்டுங்கள்: எங்கள் ஜிம் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். ரோயிங் மெஷினில், அதாவது துடுப்புப் போடுவதுபோல் கைப்பிடியை இழுக்கும் மெஷினில், இதயத் துடிப்பைப் பார்க்க மார்பில் கட்டும் பெல்ட் விஷயமாகப் புகார் நோட்டில் மூன்று முறை எழுதிவிட்டேன். மேலாளரிடம் இரண்டு முறை நேரிலும் சொன்னேன். "பாக்குறோம் சார்" என்றார். போன வியாழக்கிழமை நடந்ததற்குப் பிறகும் நோட்டில் எழுதிவிட்டுக் காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. மற்ற உறுப்பினர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் வைக்கிறேன்.

என் உடல்நிலை உங்களுக்குத் தெரியும். வயது 59. சென்ற ஆண்டு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். துடிப்பை அடக்கி வைக்கிற மெட்டோபுரோலால் மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறேன். உடற்பயிற்சியின்போது இதயத் துடிப்பு 110-ஐத் தாண்டக் கூடாது என்று டிரெட்மில் டெஸ்ட் பார்த்த டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தை, சேரும்போதே நீங்கள் கேட்டு வாங்கி வைத்திருக்கிறீர்கள்.

வியாழன் காலை பக்கத்து மெஷினில் எங்கள் தெருவைச் சேர்ந்த ஓர் அம்மா இருந்தார். பயிற்சியாளர் தம்பி டப்பாவிலிருந்து இரண்டு மார்புப் பெல்ட்டுகளை எடுத்துக் கொடுத்தார். இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே கம்பெனி. கட்டிக்கொண்டோம். மெஷின் மானிட்டரில் வந்த பெல்ட் பட்டியலில் ஒன்றை எனக்கும் மற்றதை அவருக்கும் தட்டிவிட்டுத் தம்பி போய்விட்டார்.

என் திரையில் 94. இன்னும் இடமிருக்கிறது என்று இழுத்தேன். எட்டாவது நிமிடம் மூச்சு வாங்கியது. திரையைப் பார்த்தால் 97. எண் சரியாகத்தானே இருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தேன். அப்போது அந்த அம்மா சட்டென்று கைப்பிடியை விட்டுவிட்டு எழுந்து, சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. நான் இழுத்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் என் திரையில் எண் இறங்கிக்கொண்டே போனது. 90. 84. 78. இழுக்க இழுக்க எப்படி இறங்கும்? அவர் விட்டுப்போன மெஷினை எட்டிப் பார்த்தேன். ஆளில்லாத அந்தத் திரையில் 134 ஓடிக்கொண்டிருந்தது. அது என்னுடையது.

அந்த அம்மா எழுந்ததும் அதனால்தான். மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தவர், தன் திரையில் 130-ஐப் பார்த்ததும் நெஞ்சுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்துவிட்டார். மகனுக்குப் போன் போட்டு வரச் சொல்லி, அவரோடு வீட்டுக்குப் போனார். அதன்பிறகு அவரை ஜிம்மில் பார்க்கவில்லை.

"மூச்சு வாங்குறது உங்களுக்கே தெரியலையா சார்?" என்று மேலாளர் கேட்டார். தெரிந்தது. ஆனால் எண்ணை நம்பினேன். நம்புவதற்காகத்தானே அதைக் கட்டச் சொல்கிறீர்கள்?

நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு பெல்ட்டின் பின்பக்கத்திலும் பொடி எழுத்தில் ஓர் அடையாள எண் இருக்கிறது. மானிட்டர் பட்டியலில் வருவதும் அதே எண்தான். முதல் பெல்ட் முதல் மெஷினுக்கு, இரண்டாவது இரண்டாவதற்கு என்று பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். அடையாள எண்ணை மெஷினிலும் எழுதி வையுங்கள். முன்பெல்லாம் இந்தப் பெல்ட்டுகளுக்கு அடையாளமே கிடையாது. ஒரு மீட்டர் தூரத்தில் எந்த மெஷின் இருந்தாலும் அது இந்தத் துடிப்பைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் குழப்பம் தீரத்தான் எண் வந்தது. வந்த எண்ணை யாரும் பார்க்காமல் விட்டால் பழைய குழப்பம் அப்படியே இருக்கும்.

டிரெட்மில்லில் வேகத்தை 5 என்று வைத்தால் அது 5-ஐத் தாண்டாது. ரோயிங் மெஷினில் அப்படி ஒரு கட்டுப்பாடு கிடையாது. உள்ளே சுற்றுவது காற்றாடி. எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவுக்குக் காற்று எதிர்க்கும். கால், முதுகு, கை மூன்றும் சேர்ந்து உழைப்பதால் துடிப்பு ஏறுவதே தெரியாது. என் போன்றவர்களுக்கு அந்தத் திரையில் இருக்கும் எண்தான் பிரேக்.

"வாட்ச் கட்டிக்கங்க சார்" என்றும் சொன்னார்கள். கட்டிப் பார்த்தேன். வாட்ச் தோலுக்குள் பச்சை வெளிச்சம் பாய்ச்சி ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்து ஒவ்வொரு இழுப்புக்கும் மணிக்கட்டு மடங்கும்போது அதன் கணக்கு தடுமாறுகிறது. மார்புப் பெல்ட் இதயத்தின் மின்துடிப்பையே எடுக்கிறது. அதற்கும் பட்டையை ஈரப்படுத்திக் கட்ட வேண்டும், பேட்டரியை மாற்ற வேண்டும், துவைக்க வேண்டும். உங்கள் டப்பாவில் இருக்கும் பட்டைகள் வேர்வை உப்புப் படிந்து விறைத்துக் கிடக்கின்றன.

வயதுக்கு எவ்வளவு துடிப்பு இருக்கலாம் என்று சுவரில் மாட்டியிருக்கும் அந்த வண்ணப் படத்தையும் தயவுசெய்து கழற்றுங்கள். 220-இலிருந்து வயதைக் கழித்தால் என் உச்சம் 161. அதில் 80 சதவீதம் வரை, அதாவது 129 வரை, பச்சை. துடிப்பை அடக்கி வைக்கிற மாத்திரை சாப்பிடுகிறவனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. புதிய கண்ணாடி, புதிய ஸ்பீக்கர், கலர் விளக்கு எல்லாவற்றுக்கும் இந்த ஆண்டு பணம் இருந்தது. இதயம் நின்றால் ஷாக் கொடுக்கும் கருவி இரண்டு மாடியில் ஒன்றுகூட இல்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் முழு ஆண்டுக் கட்டணத்தையும் முன்பணமாக வாங்குகிறீர்களே, எங்கள் காகிதங்களை ஒருமுறையாவது யாராவது படித்தீர்களா?

கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் கோரிக்கை ஒன்றுதான்: பெல்ட்டுக்கும் மெஷினுக்கும் எண் ஒட்டுங்கள். ஆளுக்கு ஆள் மாறும்போது முந்தைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, அடுத்தவரின் பெல்ட் எண்ணைச் சரிபார்த்து இணைக்கும்படி தம்பிகளுக்குச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

திங்கள் காலை ஆறு மணிக்கு வருவேன். லேபிளும் மார்க்கரும் நானே கொண்டுவருகிறேன். பெல்ட் டப்பாவை வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அந்த அம்மாவுக்கு மட்டும் நீங்களே போன் செய்து, அன்று திரையில் ஓடியது அவருடைய துடிப்பு இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
காலை ஆறு மணி உறுப்பினர் ஒருவர்