உப்புக் காற்றில் ரெட் ஆக்சைடு தாங்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய வண்டிகளைப் புதுப்பிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். துருவைச் சுரண்டி, தின்னரால் துடைத்து, ரெண்டு கோட் ரெட் ஆக்சைடு (துருவைத் தடுக்க அடிக்கும் செந்நிற அடிப்பூச்சு) அடித்தால் போதும் என்று போட்டிருந்தது. மதுரைப் பக்கம் அது ஓரளவு தாங்கலாம். ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில் வண்டி பெயின்டிங் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்கள் கடற்கரைக்கு அது உதவாது.

தனுஷ்கோடிக்கு 2017-இல் ரோடு திறப்பதற்கு முன்னால் மணலிலும் கடல் தண்ணீரிலும் ஓடிய ஜீப்புகள் இன்னும் இங்கே இருக்கின்றன. பெயின்டை உரித்தால் தகடு பளிச்சென்றுதான் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் ஊசி குத்தியதுபோல் கறுப்புக் கறுப்பாகக் குழிகள். உப்பு அதற்குள்தான் இருக்கிறது. தின்னர் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், உப்பை எடுக்காது. அது தண்ணீரில்தான் கரையும். உப்பை விட்டுவிட்டு மேலே எதை அடித்தாலும், அந்த உப்பு ஈரத்தை உள்ளே இழுத்துக் கொப்புளம் கிளப்பிவிடும்.

ஆகவே குழிகளைக் கம்பி பிரஷ்ஷால் தோண்டி எடுத்து, நல்ல தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். உப்புக் கரிக்கிற போர் தண்ணீர் கூடவே கூடாது. கழுவிய கையோடு மடிப்பு, மூலையெல்லாம் கம்ப்ரசர் காற்றால் ஊதிக் காயவைத்து, அன்றைக்கே பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துவிட வேண்டும். இடையில் வெறும் கையால் தொடக் கூடாது. தொட்டால் மறுநாள் காலையில் கைரேகை அப்படியே செந்துருவாக எழும்பி நிற்கும்.

வெறும் தகட்டுக்கு என் தேர்வு எபாக்சி பிரைமர்தான். ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் கலந்து இறுகுவதால் ரெட் ஆக்சைடைப்போல லேசில் ஈரத்தை உள்ளே விடாது. பள்ளத்தை நிரப்ப அப்பும் பட்டி ஈரத்தைக் குடிக்கும் பொருள். அதைத் தகட்டில் நேராக அப்பாமல் எபாக்சிக்கு மேலே போடுங்கள். உலோகத்தை லேசாக அரித்து ஒட்டும் எட்ச் பிரைமர் அலுமினியத்தில் நன்றாகப் பிடிக்கும், சரி. ஆனால் அது மெல்லிசு. அதில் அமிலம் இருப்பதால், மேலே எபாக்சி அடித்தால் சரியாக இறுகாமல் போகலாம். டின்னில் தெளிவாக அனுமதி இல்லாவிட்டால் இரண்டையும் சேர்க்காதீர்கள். ஆடி மாதக் கச்சான் காற்றில் தெற்குக் கடல் சாரல் பறக்கும்போது திறந்தவெளியில் ஸ்பிரே வேண்டவே வேண்டாம்.

2025-இல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கு, கடல் அரிப்பைத் தாங்கப் பாலிசிலாக்சேன் என்ற சிலிக்கான் வகைப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். அதே காற்றில்தான் எங்கள் ஆட்டோவும் ஜீப்பும் நிற்கின்றன.

எங்கள் ஊர்க் கடைகளில் ரெட் ஆக்சைடு சின்ன டின்னிலேயே கிடைக்கிறது. எபாக்சிக்கு வெளியூர் போக வேண்டியிருக்கிறது, அதுவும் பெரிய டின்தான். பெயின்ட் கம்பெனிகள் அதையும் சின்ன அளவில், கலக்கும் விகிதத்தைத் தமிழில் அச்சிட்டு அனுப்ப வேண்டும். உங்கள் பத்திரிகை இதை எடுத்துச் சொன்னால் ராமேஸ்வரம் முதல் தொண்டி வரை பட்டறைக்காரர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர், தங்கச்சிமடம்