முன்கதையை விட்டுவிட்டு எடுத்த தொடர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபேன்டசி நாவல்கள் வெப் சீரிஸாக வருவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘தி வீல் ஆஃப் டைம்’ தொடர் மூன்று சீசன்களோடு 2025 மே மாதம் நிறுத்தப்பட்டதைச் சொல்லும் இடத்தில், புத்தக ரசிகர்கள் எந்த மாற்றத்தையும் ஏற்காத பிடிவாதக்காரர்கள் என்ற பொருள்பட உங்கள் கட்டுரையாளர் எழுதியிருந்தார். ராபர்ட் ஜோர்டனின் அந்த நாவல்களைப் பல வருடங்களாகத் திரும்பத் திரும்பப் படித்து வருபவள் நான். அந்த வரிக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பதினான்கு பெரிய நாவல்கள், முந்தைய நிகழ்வுகளைச் சொல்லும் சின்ன நாவல் ஒன்று. முதல் நாவல் வந்தது 1990இல், கடைசி நாவல் 2013இல். சீசனுக்கு எட்டு எபிசோட் என்று வைத்துக்கொண்டு இதை அப்படியே எடுக்க முடியாது என்பது எங்களுக்குத் தெரியாதா? முதல் நாவலில் முக்கியமான கேம்லின் நகரத்தையே முதல் சீசனில் காணோம். அங்கே அறிமுகமாக வேண்டிய இளவரசி எலெய்ன் இரண்டாம் சீசனில்தான் வருகிறாள். சரி, போகட்டும் என்றுதான் இருந்தேன். நடிகர்களின் நிறத்தைப் பிடித்துக்கொண்டு சிலர் சண்டை போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் தயவுசெய்து என்னைச் சேர்க்க வேண்டாம். கதையின் முக்கிய இளைஞர்களில் எக்வீனாக வந்த மேடலின் மேடனும் பெரினாக வந்த மார்கஸ் ரதர்ஃபோர்டும் எனக்குக் குறையே வைக்கவில்லை. என் வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது.

முதல் நாவல் ஒரு முன்கதையோடு தொடங்குகிறது. சில பக்கங்கள்தான். நிலம் அதிர்ந்துகொண்டிருக்கிறது. சிதைந்துபோன அரண்மனை ஒன்றில் லூஸ் தெரின் என்பவன் தன் மனைவி இலியேனாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி அறை அறையாகத் தேடி அலைகிறான். தரையில் கிடக்கும் பொன்னிறக் கூந்தல்காரி ஒருத்தியின் உடலைத் தாண்டிப் போகிறான். அவன் அங்கியின் ஓரம் அவள் ரத்தத்தில் இழுபடுகிறது. அவள்தான் இலியேனா. அது அவனுக்குத் தெரியவில்லை. அப்புறம் கறுப்பு உடையில் எதிரி வந்து அவன் பைத்தியத்தைத் தெளிவிக்கிறான். கருணையால் அல்ல, தன் கையால் யாரையெல்லாம் கொன்றிருக்கிறோம் என்று அவன் பார்க்க வேண்டும் என்பதற்காக. பார்த்த பிறகு லூஸ் தெரினால் உயிரோடு இருக்க முடியவில்லை. அவன் தன்னை எரித்துக்கொண்ட இடத்தில் ஒரு மலையே எழும்புகிறது.

இந்த உலகத்தில் மந்திர சக்திக்கு இரண்டு பாதிகள் உண்டு, ஒன்று பெண்களுக்கு, ஒன்று ஆண்களுக்கு. இருளின் தலைவனை அடைத்து வைத்த நாளில் அவன் திருப்பி அடித்த அடியில் ஆண்களின் பாதி நஞ்சாகிவிட்டது. அன்றிலிருந்து அந்தச் சக்தியைத் தொடும் ஆண் எவனாக இருந்தாலும் புத்தி கெட்டு, உடல் அழுகித்தான் சாவான். அதற்குள் யாரையெல்லாம் கொல்வானோ தெரியாது. டிராகன் என்பது லூஸ் தெரினின் பட்டப்பெயர். அவன் திரும்பப் பிறந்து வந்து உலகைக் காப்பான், அதே சமயம் நொறுக்கவும் செய்வான் என்பது முன்னறிவிப்பு. சொந்த பந்தத்தையே கொன்றவன் என்று ஜனங்கள் அவன் பெயரைச் சொல்லவே அஞ்சுகிறார்கள். கதாநாயகனான ஆடு மேய்க்கும் ரேண்ட், அவனே நான் என்று அறியும்போது அதில் துளிக்கூடப் பெருமை கிடையாது. தன்னை வளர்த்த அப்பாவையும் கூடவே வளர்ந்த எக்வீனையும் நானே கொன்றுவிடுவேனோ என்ற பயம்தான் பிடித்துக்கொள்கிறது. பதினான்கு நாவல்களும் அந்தப் பயத்தின் மேல்தான் நிற்கின்றன.

முதல் சீசனில் இந்த முன்கதை இல்லை. மறுபடி பிறந்த டிராகன் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம் என்று மாற்றி, ஊர் இளைஞர்களை வரிசையாக நிறுத்தி, இவர்களில் யார் என்ற புதிராகக் கதையை ஆக்கிவிட்டார்கள். விடை ஏழாவது எபிசோடின் முடிவில்தான் வருகிறது. டிராகன் பெண்ணாகவும் பிறக்கலாம் என்றால் நஞ்சு ஏறாத சக்தியோடு ஒரு மீட்பர் வரலாம் என்றாகிறது. அப்புறம் அந்தப் பெயரைக் கேட்டு யாரும் ஏன் நடுங்க வேண்டும்? எட்டாவது எபிசோடின் தொடக்கத்தில் லூஸ் தெரின் ஒருமுறை தலைகாட்டுகிறான், உண்மைதான். ஆனால் அது போருக்கு முந்தைய வாக்குவாதம். கொன்ற கையை நமக்குக் காட்டவில்லை.

என் மகன் தொடரைத்தான் முதலில் பார்த்தான். முதல் சீசன் முடிந்ததும், “யார் டிராகன்னு தெரிஞ்சுபோச்சே, இன்னும் என்னம்மா கதை இருக்கு?” என்று கேட்டான். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. தொடரில் டிராகனைத் தேடி வரும் மந்திர சக்திக்காரி மொரெய்னாக நடித்த அதே ரோசமண்ட் பைக், 2021இல் முதல் நாவலை ஒலிப்புத்தகமாகவும் வாசித்திருக்கிறார். அதிலிருந்து முன்கதையை மட்டும் மகனுக்குப் போட்டேன். கேட்டு முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவன், “அவனேதான் ரேண்டா? அப்போ எக்வீனை என்னம்மா பண்ணுவான்?” என்றான். இந்தக் கேள்வி அவனுக்குத் தொடரின் முதல் எபிசோடிலேயே வந்திருக்க வேண்டாமா?

ரேண்டின் நண்பன் பெரினுக்குச் செய்ததையும் சொல்லியாக வேண்டும். நாவலில் அவன் கொல்லனிடம் தொழில் பழகும் பையன். ஆள் பெரியவன், பலசாலி. சின்ன வயதிலிருந்தே தன் கை பட்டு யாருக்காவது அடிபட்டுவிடுமோ என்று பார்த்துப் பார்த்துப் பழகியதால், பேச்சிலும் செயலிலும் நிதானம். ஓநாய்களோடு பேசும் எல்யாஸ் முதல் நாவலிலேயே அவனிடம் ஒன்று சொல்கிறார்: கோடரியை நீ வெறுக்கும்வரை வைத்திரு, வெறுப்பு எப்போது போகிறதோ அப்போது தூக்கி எறிந்துவிட்டு ஓடு. பல நாவல்கள் கழித்துப் பெரின் அந்தக் கோடரியை வீசும் பக்கம் வந்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அழுதிருக்கிறேன். தொடரில் இவ்வளவு தூரம் காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. முதல் எபிசோடிலேயே அவனுக்கு லைலா என்று ஒரு மனைவியைக் கொடுத்து, சண்டைக் குழப்பத்தில் அவன் கோடரியாலேயே அவளைக் கொன்றுவிட்டார்கள். நாவலில் பெரினுக்கு அப்படி ஒரு மனைவி கிடையாது. யோசித்துப் பாருங்கள். மனைவியைக் கொன்ற லூஸ் தெரினை எடுத்துவிட்டு, மனைவியைக் கொன்ற பெரினைக் கொண்டு வந்திருக்கிறார்கள். ரேண்டின் தலைக்கு மேல் தொங்க வேண்டிய சுமையை, அது தேவைப்படாத ஒரு பையன் முதுகில் ஏற்றியாகிவிட்டது.

ரேண்டின் இன்னொரு நண்பனான மேட்டின் குடும்பம் இன்னொன்று. நாவலில் அவன் அப்பா ஏபெல் ஊரே மதிக்கும் மனிதர், மகனுக்கு ஆபத்து என்றால் கிளம்பி வருகிறவர். தொடரில் அவரைப் பெண்பித்தர் ஆக்கி, அம்மாவைக் குடிகாரி ஆக்கிவிட்டார்கள். குறும்புக்காரப் பையன் நல்ல வீட்டிலிருந்து வரக் கூடாதா என்ன?

எடுத்தவர்களின் சிரமத்தையும் மறுக்கவில்லை. முதல் சீசன் படப்பிடிப்பு கொரோனாவால் நின்று நின்று நடந்தது. மேட்டாக நடித்த பார்னி ஹாரிஸ் நடுவிலேயே விலகிவிட்டதால் கடைசி எபிசோடுகளை அவர் இல்லாமல் எழுதி முடிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் சீசனின் நான்காவது எபிசோடை யார் கேட்டாலும் பார்க்கச் சொல்வேன். ரூயிடியன் நகரத்தில் ரேண்ட் தன் முன்னோர்களின் வாழ்க்கைக்குள் ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போகும் பகுதி அது. ரேண்டாக நடித்த ஜோஷா ஸ்ட்ராடோவ்ஸ்கியே அந்த முன்னோர்களாகவும் நடிக்கிறார். ஒரு மக்கள் கூட்டம் தன் சத்தியத்தை எப்படி மறந்தது என்பது அவர் முகத்திலேயே தெரிகிறது. ஜோர்டன் எழுதியதை நம்பி எடுத்தார்கள், அவ்வளவு நன்றாக வந்தது. முதல் சீசனிலேயே அந்த நம்பிக்கை இருந்திருந்தால், பாதியில் விட்டுப்போன எத்தனையோ பேர் இந்த எபிசோடு வரைக்கும் கூட வந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். தொடர் நின்றுபோனதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. நன்றாக வரத் தொடங்கிய நேரத்தில் நின்றது இன்னும் வேதனை.

ஜோர்டன் 2007 செப்டம்பரில் இறந்துவிட்டார், கதை முடியாமலே. நோயில் படுத்த பிறகும், தான் இல்லாவிட்டாலும் யாராவது முடிக்கட்டும் என்று குறிப்புகளை எழுதியும் வாயால் சொல்லியும் வைத்தார். கடைசிக் காட்சியைத் தானே எழுதி வைத்துவிட்டுப் போனார். அவர் மனைவியும் எடிட்டருமான ஹாரியட், மீதியை எழுதி முடிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தார். சாண்டர்சனும் சில இடங்களில் தன் போக்கில்தான் எழுதினார், மேட் அவர் கையில் வேறு மாதிரித்தான் பேசுகிறான். நாங்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை, ரேண்டின் பயத்தையும் அதிலிருந்து அவன் மீண்டு வருவதையும் அவர் கைவிடவில்லை என்பதால். எந்த மாற்றத்தையும் ஏற்காதவர்கள் என்று எங்களைச் சொன்னால் எப்படி?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரையில் தொடரின் செலவும் பார்வையாளர் எண்ணிக்கையும்தான் பேசப்பட்டன, நாவல்களைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் இல்லை. தொடரைப் பார்த்துவிட்டு, கதை இவ்வளவுதான் என்று ஒதுங்கிய இளம் வாசகர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காக நாவல்களை மட்டும் அறிமுகப்படுத்தும் ஒரு கட்டுரையை உங்கள் புத்தகப் பக்கத்தில் வெளியிடுங்கள். எழுதுகிறவர் அந்த முன்கதையைப் படித்துவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி